இரு நீலத் தட்டுகளின் போர்

விஞ்ஞானத் துறையில் புதியதொரு பொருள் தோன்றுமிடத்து, அது மக்களுக்குப் பயன்படுவதற்கு முன்னர் இரண்டு வாயில்களைக் கடத்தல் வேண்டும். இயற்கையின் விதிகள் அதற்கு இடந்தருதல் வேண்டும் என்பது முதலாவது. அதனை ஆக்குவோரும் விற்போரும் வாங்குவோரும் அதன் அளவையும் வடிவையும் குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வருதல் வேண்டும் என்பது இரண்டாவது. முதல் வாயிலைக் கடந்த அறிஞர்களின் பெருமையைக் கூறும் நூல்கள் பலவுள. இரண்டாம் வாயிலில் நேரும் இடர்ப்பாடுகளோ விரிவாக எடுத்துரைக்கப்படுவது அரிது. ஊருக்கொரு படியும் நாட்டுக்கொரு மரக்காலும் வழங்கிய காலத்தில் நெல் அளந்தோர் பட்ட தொல்லையை நம் முன்னோர் அறிவர். அதனையொத்த தொல்லை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், மிக நுண்ணிய கருவியொன்றன் பொருட்டு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எழுந்தது.

திரைப்படங்களை உயர்ந்த தெளிவுடன் வீட்டிலேயே கண்டு மகிழ்வதற்கென அமைந்த ஒளித்தட்டு எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வழக்கு. புளூ-ரே என்பது ஒரு கட்சி, எச்.டி. டி.வி.டி. என்பது மறு கட்சி. 2002 முதல் 2008 வரை நடந்த அப்போட்டியில் எது வெல்லும் என்று அறிஞரும் வணிகரும் மாறி மாறிக் கணித்தனர். அத்தட்டுகளின் அமைப்பு யாது, அவை ஏன் ஒன்றாகக் கூடவில்லை, வென்றது எதனால் வென்றது, அவ்வெற்றியின் பயன் எத்துணைக் காலம் நிலைத்தது என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வோம்.

தட்டில் படம் எழுதப்படும் முறை

பழைய கிராமபோன் இசைத்தட்டில் ஊசி செல்லும் வரி ஒன்று வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்வதை யாவரும் அறிவர். ஒளித்தட்டிலும் அத்தகைய சுருள்வரி ஒன்றுண்டு; ஆயின் அது உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும். அவ்வரியில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகள் கோடிக்கணக்காக அமைந்துள்ளன. ஊசிக்கு மாறாக லேசர் ஒளிக்கதிர் ஒன்று அவ்வரியின்மேல் விழுகின்றது. குழியுள்ள இடத்தும் குழியில்லாத இடத்தும் அவ்வொளி திரும்பி வரும் அளவு வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கருவி உணர்ந்து, ஒன்று, சுழி என்னும் இரண்டே எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கின்றது. படமும் ஒலியும் அவ்வெண்வரிசையினின்றே மீண்டும் உருவாகின்றன.

ஒரு தட்டில் எவ்வளவு எழுதலாம் என்பது குழிகளின் சிறுமையைப் பொறுத்தது. ஓலையில் எழுதுவோனின் எழுத்தாணி முனை கூரியதாயின் ஓரோலையில் அடங்கும் வரிகள் மிகும். முனை மழுங்கியதாயின் வரிகள் குறையும். லேசர்ப் பொறியில் எழுத்தாணியின் முனையை ஒப்பது, ஒளி குவிந்து விழும் புள்ளியாகும். அப்புள்ளியின் அளவை இரண்டு பொருள்கள் வரையறுக்கின்றன. ஒன்று, ஒளியின் அலைநீளம். மற்றொன்று, அவ்வொளியைக் குவிக்கும் வில்லையின் வன்மை. வில்லையின் வன்மையைப் பௌதிக நூலார் ஓர் எண்ணால் குறிப்பர். அவ்வெண் உயர உயர ஒளி சிறிய இடத்திற் குவியும். ஆகவே, அலைநீளத்தை அவ்வெண்ணால் வகுத்துக் கிடைக்கும் ஈவே புள்ளியின் அளவுக்கு வழிகாட்டி எனக் கொள்ளலாம்.

1982-ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த சி.டி. என்னும் இசைத்தட்டு, 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியையும் 0.45 வன்மையுள்ள வில்லையையும் கொண்டது. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் வெளிவந்த டி.வி.டி., 650 நானோமீட்டர் செந்நிற ஒளியையும் 0.60 வன்மையுள்ள வில்லையையும் கொண்டது. இதனால் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் அளவுக்குச் செய்திகளை எழுத முடிந்தது. முழுநீளத் திரைப்படம் ஒன்றினைப் பழைய தொலைக்காட்சியின் தெளிவுடன் அடக்குவதற்கு இது போதியதாயிற்று.

ஆனால் தொலைக்காட்சி பழைய நிலையிலேயே நிற்கவில்லை. அமெரிக்க, ஜப்பானிய முறையில் டி.வி.டி.யின் படமொன்று குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 480 புள்ளிகளும், ஆக 3,45,600 புள்ளிகளாலானது. புதிய உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் படமோ 1920-க்கு 1080 என்னும் கணக்கில் 20,73,600 புள்ளிகளாலானது. அஃதாவது சரியாக ஆறு மடங்கு. ஆறு மடங்கு நுண்மையுள்ள படத்தை எழுதுவதற்கு அதற்கேற்ற கூரிய எழுத்தாணி வேண்டுமன்றோ?

நீல ஒளியின் வரவு

அவ்வெழுத்தாணி நீல ஒளியினின்று கிடைத்தது. ஒளிகளுள் செந்நிறத்தின் அலை நீண்டது. நீலம், ஊதா இவற்றின் அலை குறுகியது. ஆயினும் நீல ஒளியைத் தரும் சிறிய குறைகடத்திக் கருவியை ஆக்குதல் நெடுங்காலம் கைகூடாத செயலாகவே இருந்தது. அதற்கு வேண்டிய காலியம் நைட்ரைடு என்னும் பொருளை மாசற்ற பளிங்காக வளர்த்தல் மிக அரிதென்று ஆராய்ச்சியாளர் பலர் அதனைக் கைவிட்டனர். நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாக்கியும் அவர்தம் மாணவர் ஹிரோஷி அமானோவும், நிச்சியா என்னும் கம்பெனியில் ஷூஜி நகமூராவும் அதனை விடாது பற்றி நின்றனர். 1990-களின் தொடக்கத்தில் ஒளிமிக்க நீல விளக்கு உருவாயிற்று. அப்பத்தாண்டு முடிவதற்குள் நீலவூதா லேசரும் பிறந்தது. நீல விளக்கினை ஆக்கியமைக்காக அம்மூவரும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசினைப் பெற்றனர். இன்று நம் வீடுகளில் எரியும் வெண்ணிற எல்.இ.டி. விளக்கும் அவ்வாராய்ச்சியின் கனியே.

போரிட்ட தட்டுகள் இரண்டும் இந்த நீலவூதா ஒளியையே கையாண்டன. இரண்டிலும் அலைநீளம் 405 நானோமீட்டரே. தட்டின் குறுக்களவும் 12 சென்டிமீட்டரே. படத்தைச் சுருக்கி எழுதும் முறைகளுங்கூடப் பெரும்பாலும் ஒன்றே. எனின், வேறுபாடு யாண்டுளது? அது வில்லையிலும், அதனையொட்டித் தட்டின் மேற்படலத்தின் தடிப்பிலும் உளது.

ஒரே ஒளி, இரண்டு வழி

தோஷிபா, என்.இ.சி. ஆகிய கம்பெனிகள் வகுத்த எச்.டி. டி.வி.டி., பழைய டி.வி.டி.யின் உடலை அப்படியே வைத்துக்கொண்டது. 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை ஒட்டி, அவற்றினிடையே குழிகளை அமைப்பது அம்முறை. வில்லையின் வன்மை 0.65. ஆகவே டி.வி.டி.க்கு நாம் கூறிய கணக்கின்படி 650-ஐ 0.60-ஆல் வகுத்தால் 1083; எச்.டி. டி.வி.டி.க்கு 405-ஐ 0.65-ஆல் வகுத்தால் 623. புள்ளியின் பரப்பு ஏறத்தாழ மூன்றிலொன்றாகச் சுருங்குகின்றது. ஓர் அடுக்கின் கொள்ளளவு 4.7-இலிருந்து 15 ஜிகாபைட்டாக உயர்ந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

சோனியும் அதன் துணைவரும் வகுத்த புளூ-ரே, வில்லையின் வன்மையை 0.85-க்கு உயர்த்தியது. 405-ஐ 0.85-ஆல் வகுத்தால் 476. ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட்டும், ஈரடுக்கில் 50 ஜிகாபைட்டும் அடங்கின; எச்.டி. டி.வி.டி.யின் ஈரடுக்கில் 30-தான் அடங்கிற்று. ஆனால் இவ்வாதாயம் இலவசமாகக் கிடைத்ததன்று. வன்மை மிக்க வில்லை, தட்டு சிறிதே சாய்ந்து சுழன்றாலும் ஒளிப்புள்ளியைச் சிதைத்துவிடும். ஒளி கடந்து செல்லவேண்டிய படலம் தடித்ததாயின் அச்சிதைவு இன்னும் மிகும். அதனைத் தவிர்க்கக் குழிகளைத் தட்டின் மேற்பரப்புக்கு மிக அருகே, 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் அமைக்கவேண்டியதாயிற்று. அவ்வாறு அமைத்ததும் வேறிரண்டு இடர்கள் தோன்றின. மேற்படலம் மெல்லியதாதலால் சிறு கீறலும் கைவிரலின் அழுக்கும் படத்தைக் கெடுக்கும் என்பது ஒன்று. பழைய டி.வி.டி. ஆலைகளின் யந்திரங்கள் இத்தட்டைச் செய்ய உதவா என்பது மற்றொன்று.

முதலாவது இடருக்கு அஞ்சித் தொடக்கத்தில் புளூ-ரே தட்டை ஓர் உறையினுள் அடைத்தே விற்றனர். 2003-ஆம் ஆண்டில் சோனி ஜப்பானில் வெளியிட்ட முதற் பதிவுக்கருவிக்கு அத்தகைய உறையிட்ட தட்டுகளே வேண்டியிருந்தன. பின்னர் டி.டி.கே. கம்பெனியார் கீறலைத் தாங்கும் கடினப் பூச்சொன்றைக் கண்டறிந்தமையால் உறை வேண்டாததாயிற்று. இரண்டாவது இடருக்குப் பணமொன்றே மருந்து. புதிய யந்திரங்களை வாங்கவேண்டியதாயிற்று.

இவ்விரண்டு வழிகளிலும் இருவேறு அறிவு நெறிகள் விளங்குதலைக் காண்க. இருக்கும் ஆலையும் இருக்கும் தொழிலாளியும் வீண்போகாமல் சிறிது சிறிதாக முன்னேறுதல் ஒரு நெறி. இன்றைய செலவைப் பொறுத்துக்கொண்டு நாளைய தேவைக்கு இடம் ஒதுக்குதல் மற்றொரு நெறி. இவற்றுள் யாதொன்றையும் மூடத்தனம் என்று நாம் தள்ளிவிட இயலாது.

உடன்பாடு கூடாமை

1995-ஆம் ஆண்டிலும் இத்தகைய நிலையே ஏற்பட்டது. அப்பொழுது சோனியும் பிலிப்ஸும் ஒரு தட்டையும், தோஷிபாவும் அதன் துணைவரும் வேறொரு தட்டையும் முன்வைத்தனர். ஐ.பி.எம். முதலிய கணிப்பொறிக் கம்பெனிகள், இரண்டையும் ஏற்கமாட்டோம், ஒன்றுபட்டு வருக என்று வற்புறுத்தின. ஈற்றில் தோஷிபா கட்சியின் ஒட்டுத்தகட்டு அமைப்பும், சோனி கட்சியின் குறியீட்டு முறையும் கலந்து டி.வி.டி. பிறந்தது. அது மிக விரைவில் உலகெங்கும் பரவியதற்கு அவ்வொற்றுமையே தலையாய காரணம்.

2002-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் சோனி, மத்சுஷிட்டா, பிலிப்ஸ், சாம்சங் முதலிய 9 கம்பெனிகள் கூடிப் புளூ-ரேயை அறிவித்தன. நீலக் கதிர் என்பது அப்பெயரின் பொருள். பொதுச் சொல்லை வணிகக்குறியாகப் பதிவுசெய்தல் இடர்ப்பாடு உடைத்தாதலின், நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்து நீக்கப்பட்டது. தோஷிபாவின் முறையை, டி.வி.டி.யின் நியமங்களைக் காக்கும் சபை 2003-இல் ஏற்று எச்.டி. டி.வி.டி. என்று பெயரிட்டது. 2005-ஆம் ஆண்டில் இரு கட்சியினரும் ஒன்றுபடக் கருதிப் பேசினர். குழியின் ஆழம் 0.1 மில்லிமீட்டரா, 0.6 மில்லிமீட்டரா என்னும் இடத்தில் அப்பேச்சு முறிந்தது. ஆழத்தில் நடுவழி ஏதுமில்லை, 0.3 என்று இருவரும் விட்டுக்கொடுத்தால் இரண்டு முறைகளின் நன்மையும் கெடும். அன்றியும், எவர் முறை நியமமாகின்றதோ அவர்க்கே உலகெங்கும் விற்கும் ஒவ்வொரு தட்டின்மேலும் கருவியின்மேலும் உரிமைத்தொகை மிகுதியாகச் சேரும். கணிப்பொறி உலகிலும் இம்முறை ஒற்றுமை இல்லை. மைக்ரோசாப்ட்டும் இன்டெலும் அவ்வாண்டு எச்.டி. டி.வி.டி.யின் பக்கம் சாய்ந்தன. டெல், ஆப்பிள் முதலியன புளூ-ரேயின் பக்கம் நின்றன. பத்தாண்டுகளுக்கு முன் நடுவராய் இருந்தோர் இப்பொழுது கட்சிக்காரராயினர். இதுவே போர் மூண்டதன் மெய்க்காரணம் என்பது எமது துணிபு.

சந்தையில் நடந்த போர்

2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தோஷிபாவின் கருவி ஜப்பானிலும், ஏப்ரலில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. அமெரிக்காவில் அதன் விலை 499 டாலர். ஜூனில் சாம்சங் வெளியிட்ட முதற் புளூ-ரே கருவியின் விலையோ 999 டாலர். அக்காலத்துப் புளூ-ரே படங்கள் பல, தட்டின் முழுத் தகுதியையும் வெளிப்படுத்தவில்லை என்று பத்திரிகைகள் குறைகூறின. பாதி விலை, முந்திய வரவு, நல்ல படம் ஆகிய மூன்றும் எச்.டி. டி.வி.டி.யின் பக்கமே இருந்தன. அவ்வேனிற்காலத்தில் ஒருவர் நம்மிடம் வந்து எது வெல்லும் என்று வினவியிருப்பின், தோஷிபாவைச் சுட்டுதல் அறிவுக்குப் பொருந்தியதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் தட்டு வாங்குவோர் தட்டுக்காக வாங்குவதில்லை; அதிலுள்ள படத்திற்காகவே வாங்குகின்றனர். யூனிவர்சல் நிறுவனத்தின் படங்கள் எச்.டி. டி.வி.டி.யில் மட்டும் வந்தன. சோனியின் படங்களும், டிஸ்னி, பாக்ஸ், லயன்ஸ்கேட் முதலிய நிறுவனங்களின் படங்களும் புளூ-ரேயில் மட்டும் வந்தன. வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும் வெளியிட்டன. ஆகவே ஒரு கருவியை மட்டும் வாங்கியவர் ஹாலிவுட்டின் ஒரு பகுதியை இழந்தார். பெரும்பாலோர் இவ்விழப்புக்கு அஞ்சி, ஒன்றையும் வாங்காமல், பழைய டி.வி.டி.யோடு அமைந்திருந்தனர். சந்தை கூடினாலன்றி வணிகர் வாரார். வணிகர் வந்தாலன்றிச் சந்தை கூடாது. இம்முட்டுப்பாட்டைத் திறக்கும் திறவுகோல் யாரிடம் உளதோ அவர்க்கே வெற்றி என்பது தெளிவு.

அத்திறவுகோலைச் சோனி வேறொரு பொருளினுள் மறைத்துக் கொணர்ந்தது. 2006 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுப் பொறி ஒவ்வொன்றிலும் புளூ-ரே கருவி உள்ளமைந்திருந்தது. நீலவூதா லேசருக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டினால் அப்பொறியின் ஐரோப்பிய வெளியீடே 2007 மார்ச்சு வரை தாமதமாயிற்று. அமெரிக்காவில் அதன் விலை 499, 599 டாலர் என இருவகைப்பட்டது. அதனைச் செய்வதற்கோ அவ்விலையினும் மிகுந்த செலவாயிற்று. சோனி அந்நட்டத்தைத் தாங்கிற்று. விளையாட்டின்பொருட்டு வாங்கியவர் வீட்டிலும் புளூ-ரே தானாகவே நுழைந்தது. மைக்ரோசாப்ட்டு தன் எக்ஸ்பாக்ஸ் 360 பொறிக்கு எச்.டி. டி.வி.டி. கருவியை 199 டாலர் விலையில் தனித்துணையாக விற்றதேயன்றி உள்ளமைக்கவில்லை. வேண்டுவோர் மட்டுமே அதனை வாங்கினர். 2007-இல் அமெரிக்காவில் விற்ற உயர்தெளிவுத் தட்டுகளுள் புளூ-ரேக்கும் மற்றதற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாயிற்று.

தோஷிபா கட்சியாரும் வாளாவிருக்கவில்லை. 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் இனி எச்.டி. டி.வி.டி.யில் மட்டுமே படங்களை வெளியிடுவதாக அறிவித்தன. இதற்கென அவ்விரு நிறுவனங்களுக்கும் கூடி 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் கிடைத்தன என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதிற்று. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் கருவியொன்று 100 டாலருக்கும் குறைந்த விலைக்குச் சில நாள் விற்கப்பட்டது. போர் இழுபறியாகவே நீடிக்கும் என்று பலரும் எண்ணினர்.

முடிவு

2008 ஜனவரி 4-ஆம் நாள், லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் கூடும் மின்கருவிக் காட்சி தொடங்குவதற்குச் சில நாள் முன்னர், வார்னர் நிறுவனம் இனிப் புளூ-ரேயை மட்டுமே ஆதரிக்கும் என்று அறிவித்தது. எச்.டி. டி.வி.டி. கட்சியார் அக்காட்சியில் நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே நீக்கிவிட்டனர். அதன்பின் நிகழ்ந்தவை, தூண் சாய்ந்த வீட்டில் விட்டங்கள் ஒவ்வொன்றாக வீழ்வது போன்றன. பிப்ரவரி 11-ஆம் நாள் நெட்பிளிக்ஸும் பெஸ்ட் பையும், 15-ஆம் நாள் வால்மார்ட்டும் புளூ-ரேயின் பக்கம் சேர்ந்தன. பிப்ரவரி 19-ஆம் நாள், புளூ-ரேயின் பெயர் உலகறிய அறிவிக்கப்பட்டு ஆறாண்டு நிறைந்த அதே நாளில், எச்.டி. டி.வி.டி. கருவிகளை இனிச் செய்யப்போவதில்லை என்று தோஷிபா அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே அக்கம்பெனி புளூ-ரே சங்கத்தில் சேர விண்ணப்பித்துத் தானும் அக்கருவியைச் செய்யலாயிற்று. மைக்ரோசாப்ட்டு 2013-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் ஒன் பொறியினுள்ளும் புளூ-ரேயே அமர்ந்தது.

வெற்றிக்குக் காரணம் யாது?

கொள்ளளவு மிக்கது வென்றது என்று கூறுவார் உளர். இதற்கு ஒரு பழஞ்சான்றும் உண்டு. 1975-இல் சோனி வெளியிட்ட பீட்டாமேக்ஸ் வீடியோ நாடாவில் முதலில் ஒருமணி நேரமே பதியலாயிற்று; அடுத்த ஆண்டில் ஜே.வி.சி. வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாவிலோ இரண்டு மணி நேரம் பதியலாயிற்று. வி.எச்.எஸ்ஸே வென்றது, 1988-இல் சோனியும் அதனைச் செய்யத் தொடங்கிற்று. இரு போர்களிலும் இடம் மிகுந்ததே வென்றதெனினும், 2008-இன் வெற்றிக்கு அதனையே முழுக்காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. 30 ஜிகாபைட்டிலும் முழுநீளப் படமொன்று குறைவற அடங்கிற்று. இரண்டு தட்டுகளின் படத்தையும் அருகருகே வைத்துக் கண்டோருட் பலர்க்கு வேறுபாடு புலப்படவில்லை.

மலிவானது வெல்லும் என்னும் கொள்கையும் இங்குப் பொய்த்தது. எச்.டி. டி.வி.டி. தொடக்கமுதல் இறுதிவரை மலிவாகவே இருந்தது. ஆனால் மலிவு என்பது இருமுனைக் கத்தி. கருவியைச் செய்து விற்கும் பெருங் கம்பெனி ஏறத்தாழ ஒன்றேயாக இருக்க, அது தன் விலையைத் தானே வெட்டிக்கொண்டால், புதிதாக அத்தொழிலில் இறங்க யார் துணிவர்? ஊதியமில்லாத சந்தையில் துணைவர் சேரார். புளூ-ரேயின் பக்கமோ கம்பெனிகள் பல இருந்தன. அவை ஒன்றோடொன்று போட்டியிட்டபோதிலும் தட்டின் வெற்றி எல்லோர்க்கும் பொதுவாயிற்று. பீட்டாமேக்ஸ் போரில் தனித்து நின்று தோற்ற சோனி, துணைவலி தேடுதலை அத்தோல்வியினின்று கற்றது என்று கொள்ளலாம்.

ஆகவே, துணைவர் பலராதல், படநிறுவனங்கள் பல சேர்தல், விளையாட்டுப் பொறியின் வழியே பல்லாயிரம் வீடுகளுட் புகுதல் ஆகிய மூன்றுமே வெற்றியைத் தந்தன. இம்மூன்றும் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவன அல்ல. ஒரு நியமத்தின் நன்மை அதனைக் கைக்கொள்வோர் தொகையோடு வளர்கின்றது என்னும் பொருளாதார உண்மையே இதனால் விளங்கும்.

வாங்கினவர் நிலையும் வென்றவர் நிலையும்

இப்போரில் தோற்றது தோஷிபா மட்டுமன்று. கம்பெனியை நம்பிக் கருவியும் தட்டுகளும் வாங்கிய குடும்பங்களும் தோற்றன. அமெரிக்காவில் ஒரு பெருங்கடை தன்னிடம் வாங்கினோர்க்கு 50 டாலர் பரிசுச்சீட்டு வழங்கிற்று. வார்னர் நிறுவனம் சிறு கட்டணம் பெற்றுப் பழைய தட்டுக்குப் பதிலாகப் புளூ-ரே தட்டைத் தந்தது. பிறர்க்கு அவ்வுதவியும் கிட்டவில்லை. இவர்கள் அறியாமையால் கெட்டவர் அல்லர். விலை, காலம், தரம் ஆகியவற்றை ஆராய்ந்தே வாங்கினர். இருவர் பூசலின் செலவை மூன்றாமவர் தலையில் ஏற்றுதல் அறமாமோ என்று நாம் கேட்டல் வேண்டும்.

தோற்ற தட்டில் ஒரு சிறப்பும் இருந்தது. எச்.டி. டி.வி.டி. உலகின் எப்பகுதியில் வாங்கியதாயினும் எக்கருவியிலும் ஓடும். புளூ-ரேயோ உலகை மூன்று மண்டலங்களாகப் பகுத்தது. அமெரிக்காவும் ஜப்பானும் ஒன்று. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மற்றொன்று. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா முதலியன மூன்றாவது. மண்டலக் குறியிட்ட தட்டு பிற மண்டலத்துக் கருவியில் ஓடாது. அமெரிக்காவிலுள்ள நண்பர் விடுக்கும் தட்டு சென்னையிற் பயன்படாமற் போதல் கூடும். போரின் முடிவினால் நம் நாட்டவர்க்கு நேர்ந்த இழப்பு இது. 2016 முதல் விற்பனைக்கு வந்த, 100 ஜிகாபைட் வரை கொள்ளும் அல்ட்ரா எச்.டி. புளூ-ரே தட்டுகளில் இம்மண்டலத்தடை நீங்கியது.

வென்றவர்க்கேனும் பயன் நீடித்ததா? இரு கட்சியாரும் தட்டின் ஆழம் குறித்துப் போராடிக்கொண்டிருந்த 2007 ஜனவரியில், அதுவரை தட்டுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ், இணையத்தின் வழியே நேராகப் படங்களை வழங்கத் தொடங்கியது. அன்று அதனை ஒரு பகையாகக் கருதியோர் சிலரே. பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 2019-இல் சாம்சங் அமெரிக்காவில் புதிய புளூ-ரே கருவிகளை வெளியிடுவதை நிறுத்தியது. 2023 செப்டம்பரில் நெட்பிளிக்ஸ் தன் அஞ்சல்தட்டுத் தொழிலை மூடிற்று. முன்பு புளூ-ரேயை ஆதரித்த பெஸ்ட் பை 2024-இல் திரைப்படத் தட்டுகளை விற்பதையே விட்டது. 2025 பிப்ரவரியில் சோனியே வெற்றுப் புளூ-ரே பதிவுத்தட்டுகளைச் செய்தலைக் கைவிட்டது. திரைப்படத் தட்டுகள் இன்னும் வெளிவருகின்றன, எனினும் டி.வி.டி. பெற்ற பரவலைப் புளூ-ரே ஒருநாளும் பெற்றதில்லை. 1995-இல் போல 2005-இலும் ஒன்றுபட்டிருப்பின், புதிய தட்டுக்கு எதிரியில்லாத சில ஆண்டுகளேனும் கிட்டியிருக்கும். அவ்வாண்டுகளைப் பூசல் விழுங்கிற்று.

முடிவுரை

கிராமபோன் தட்டுகளின் வரலாற்றிலும் இத்தகைய போட்டி நிகழ்ந்ததுண்டு. 1948-இல் கொலம்பியா கம்பெனி நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டையும், 1949-இல் ஆர்.சி.ஏ. 45 முறை சுழலும் சிறுதட்டையும் வெளியிட்டன. ஈற்றில் இரண்டு வேகங்களிலும் சுழலும் கருவிகள் தோன்றின. நெடிய இசைக்கு ஒன்றும், தனிப்பாட்டுக்கு மற்றொன்றுமாக இரண்டும் வாழ்ந்தன. இரு பொருள்களுக்கு இரு தொழில்கள் இருப்பின் அவை உடன்வாழும். ஒரே தொழிலுக்கு இரண்டு இருப்பின் ஒன்று வீழ்ந்தே தீரும். புளூ-ரேயும் எச்.டி. டி.வி.டி.யும் ஒரே தொழிலைச் செய்தன. ஆதலின் அவற்றுள் ஒன்று வீழ்தல் உறுதியாயிற்று.

நம் மாணவருட் பலர் நாளை பொறிகளை ஆக்குவோராகவும், கம்பெனிகளை நடத்துவோராகவும், நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பொருள் வாங்குவோராகவும் அமர்வர். புதியதொரு கருவியை வாங்குமுன் அதன் விலையையும் தரத்தையும் ஆராய்தலோடு, அதன் நியமத்தை எத்துணைப்பேர் ஒப்புக்கொண்டுள்ளனர், அதனைச் செய்வோர் ஒருவரா பலரா, அது வழக்கொழிந்தால் அதிலுள்ள செய்தியை வேறோரிடத்துக்கு மாற்ற இயலுமா என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் நலம். கருவியை ஆக்குவோராக அமர்பவர், பூசல் தொடங்குமுன் எதிர்க்கட்சியாருடன் ஒருமுறை கூடுதலாக அமர்ந்து பேசுவது பின்வரும் பெருஞ்செலவைத் தவிர்க்கும். ஆறாண்டுகளில் இரு பெருங் கட்சிகள் பல கோடி டாலரைச் செலவிட்டுக் கற்ற பாடத்தை, ஒரு கட்டுரையைப் படிக்கும் நேரத்தில் நாம் கற்றுக்கொள்ளக் கிடைத்தது நம் பேறேயாகும்.